மூன்று ஷிப்டும் வேலை பார்த்த முத்துமாரி

வி.பி.என். என்றால் என்ன என்று உங்களுக்குப் பயிற்சி வகுப்பில் சொல்லியிருப்பார்கள். திரையில் ஒரு மேகம், அதற்குள் ஒரு குழாய், குழாயின் மேல் ஒரு பூட்டு. எனக்கும் அதே படத்தைத்தான் காட்டினார்கள். இரண்டு மணி நேரம் அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர்க் குழாய் வேலையும் கொஞ்ச நாள் செய்தவன் என்பதால் இது எங்கே ஒழுகும் என்ற ஒரே கேள்விதான் எனக்குத் தோன்றியது. கேட்டேன். வகுப்பெடுத்த இன்ஜினியர், "இது ஒழுகாது" என்றார். அதன் பிறகு இந்த வேலையில் இருந்த காலமெல்லாம் ஒழுகிய இடத்தைத் துடைப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. லாரியில் கிளீனர், சூளையில் செங்கல், திருப்பூரில் சாயப்பட்டறை, பிறகு வாலாஜாபாத்தில் கேபிள் டி.வி. ஒரு கான்டிராக்டர் ஒரகடத்துக் கம்பெனிகளில் நெட்வொர்க் ஒயர் இழுக்க ஒல்லியான ஆள் தேடினார். பொய்க்கூரைக்கு மேலே ஊர்ந்து போகிற உடம்பு எனக்கு அப்போது இருந்தது. நெட்வொர்க் துறைக்குள் நுழைந்தேன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். நான் உண்மையாகவே நுழைந்தேன். முதலில் தலை, பிறகு தோள்.

குழாய்ப் படம் புரியாத அன்று சாயந்திரம், ஷிப்டு விட்டுக் கம்பெனி பஸ்ஸில் வாலாஜாபாத் திரும்பும்போது விஷயம் பிடிபட்டது. ஒரகடம் கூட்டுரோட்டில் எத்தனை கம்பெனி பஸ்கள் ஊர்ந்துகொண்டிருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சாலை எல்லோருக்கும் பொது. கன்டெய்னர் லாரியும் ஷேர் ஆட்டோவும் அதில்தான் போகின்றன. ஆனால் எங்கள் பஸ்ஸில் ஜன்னலுக்குத் திரை உண்டு. உள்ளே யார் இருக்கிறார்கள், மடியில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று சாலையில் நிற்பவனுக்குத் தெரியாது. கேட்டில் செக்யூரிட்டி கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸைப் பார்த்துவிட்டுக் கட்டையைத் தூக்குவார். பஸ் நேராக உள்ளே போய் நிற்கும். வி.பி.என். அவ்வளவுதான். பொதுச் சாலையில் திரை போட்டு ஓடும் சொந்த பஸ். தாம்பரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் அலுவலகப் பெண்ணும் சரி, கொரியாவில் உட்கார்ந்து நம் மெஷினைப் பழுது பார்ப்பவனும் சரி, இதில் ஏறினால் நம் ஷெட்டுக்குள்ளேயே வந்து இறங்கலாம்.

அன்று என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டு வந்தவன் எங்கள் கம்பெனி ஆளே இல்லை என்பது வாலாஜாபாத்தில் இறங்கும்போதுதான் தெரிந்தது. பக்கத்துக் கம்பெனிக்காரன். தன் பஸ்ஸை விட்டுவிட்டு இதில் ஏறியிருக்கிறான். டிரைவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. பஸ் பத்திரமாகத்தான் வந்தது. திரையும் மூடித்தான் இருந்தது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொரு வகை வி.பி.என். உங்கள் போனிலேயே இருக்கும். மறைக்க வேண்டாம், இருக்கும். கம்பெனி வைஃபையில் கிரிக்கெட் தளத்தை அடைத்துவிட்டார்கள் என்று எங்கள் லைன் லீடர் ஒருவன் இலவச வி.பி.என். ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டான். கேன்டீனில் எல்லோருக்கும் காட்டினான்.

"இப்ப நான் எங்க கீறேன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. பாரு, நெதர்லாந்துன்னு காட்டுது."

"நெதர்லாந்துல குந்திகினா சாம்பார் சாதம் துன்னுற?" என்றார் பரிமாறுகிற அம்மா.

டிக்கெட் கேட்காத பஸ். யாருடைய பஸ், டிரைவர் யார், எதற்காக இவனை ஓசியில் ஏற்றுகிறான் என்று அவன் கேட்கவில்லை. ஆப் அவனைக் கேட்டது: உன் போனில் இருக்கும் எண்களை எல்லாம் பார்க்கலாமா என்று. 'சரி' என்று அழுத்தினான். இரண்டு வாரத்தில் அவன் பெயரில் அவன் மாமியார் முதல் பிளாண்ட் ஹெட் வரை எல்லோருக்கும் 'ஹாய் டியர்' என்று செய்தி போனது. கம்பெனியிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான் போனான். போன இடத்தில் எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டான். வி.பி.என். உங்களை மறைக்காது. யார் கண்ணில் படுவது என்பதை மட்டும் மாற்றிவிடும்.

அவன் விஷயம் சிரிப்போடு போயிற்று. மாமியார் மட்டும் ஒரு மாதம் பேசவில்லை. என் விஷயம் அப்படிப் போகவில்லை.

நான் கடைசியாக இருந்த கம்பெனியில் கார் இருக்கைக்கு அடியில் வரும் இரும்புச் சட்டத்தைச் செய்தார்கள். சட்டத்தைப் பற்றவைப்பது ரோபோக்கள். ஆறு ரோபோக்கள், கம்பி வேலிக்குள். அவற்றைச் செய்தவர்கள் கொரியாவில். ரோபோ முரண்டு பிடித்தால் அங்கிருந்து ஒருவர் வி.பி.என். வழியாக வந்து சரிசெய்வார். அவர் தானாக வந்துவிட முடியாது. இங்கே பராமரிப்புப் பிரிவில் ஒருவர் தன் ஐடியையும் பாஸ்வேர்டையும் போட வேண்டும். அப்புறம் தன் போனுக்கு வரும் ஆறு இலக்க எண்ணைப் போட வேண்டும். பிறகுதான் வழி திறக்கும். யார் திறந்தார் என்று பதிவாகும். நல்ல ஏற்பாடு. காகிதத்தில் எல்லாமே நல்ல ஏற்பாடுதான்.

அந்த ஐடியை வாங்க ஒரு விண்ணப்பம். அதில் மூன்று கையெழுத்து. கடைசிக் கையெழுத்துப் போடுகிறவர் மாதத்தில் பாதி நாள் வெளியூரில். நான்கு இன்ஜினியர்களின் விண்ணப்பங்கள் ஒரு டிரேயில் கிடந்து மஞ்சள் பூத்துக்கொண்டிருந்தன. முழுதாகக் கையெழுத்து வாங்கியவள் ஒரே ஒருத்தி, முத்துமாரி. தென்காசிப் பக்கத்துப் பெண். டிப்ளமோ முடித்து டிரெய்னியாக வந்தவள். சுங்குவார்சத்திரத்தில் ஐந்து பெண்களோடு ஒரு ரூமில் இருந்தாள். விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, போடுகிற வரைக்கும் நகராமல் வாங்கிவந்தாள்.

இரண்டாவது ஷிப்டில் ரோபோ நிற்கிறது, முத்துமாரி ரூமுக்குப் போய்விட்டாள், வேறு யாரிடமும் ஐடி இல்லை. என்ன செய்வது? எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வி.பி.என். பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் ஆள் நான்தான். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஷெட்டுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, எல்லோர் போனும் லாக்கரில் கிடக்கும். அதனால் பழைய பட்டன் போன் ஒன்றை வாங்கி, பராமரிப்பு அறை ஜன்னல் கம்பியில் கேபிள் டை போட்டுக் கட்டினேன். முத்துமாரியின் ஆறு இலக்க எண் அந்தப் போனுக்கு வருமாறு மாற்றினேன். பாஸ்வேர்டை ஜன்னல் சட்டத்தில் எழுதிவைத்தேன், சாக்பீஸால், அழித்துக்கொள்ள வசதியாக. ஒருவரும் அழிக்கவில்லை.

இதற்கு அவள் சம்மதம் வேண்டும் அல்லவா. கேட்டேன்.

"பாஸ்வேர்டு யாருக்கும் குடுக்க மாட்டேன்னு எழுதி வாங்கிருக்காங்களேண்ணே," என்றாள்.

"அது சும்மா ஃபார்மாலிட்டிம்மா. எல்லா கம்பெனிலயும் இப்பிடித்தான்."

அவள் கம்பெனிக்கு வந்து எட்டு மாதம் ஆன டிரெய்னி. நான் அங்கேயே பதினோரு வருடம் பழுத்தவன். "நீங்க சொல்லுதியன்னுதான் குடுக்கேன்," என்றாள்.

அதன் பிறகு வேலை வெண்ணெய் மாதிரி நடந்தது. ரோபோ நின்றால் "முத்துமாரியப் போடுப்பா" என்பார்கள். யாரோ ஒருவர் ஜன்னலுக்குப் போய்ப் போட்டுவிட்டு வருவார். மூன்று ஷிப்டும் போட்டார்கள். அவள் ஊருக்குப் போன பொங்கல் வாரத்திலும் போட்டார்கள். ஒருநாள் கேன்டீனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எங்க ஊரு அம்மனக்கூட இத்தன வாட்டி கூப்பிட மாட்டாங்கண்ணே," என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

அவளுடைய டிரெய்னிங் முடிய ஒரு வாரம் இருக்கும்போது ஆயுத பூஜை வந்தது. அதற்கு அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு நிரந்தர ஆணை கிடைக்க வேண்டும். இந்தப் பக்கம் டிரெய்னியாக இருந்தவர்களுக்குத் தெரியும். கன்ஃபர்ம் ஆகாவிட்டால் பக்கத்துக் கம்பெனிக்குப் போகலாம், ஆனால் அங்கே மறுபடி முதல் நாளிலிருந்து டிரெய்னி. பார்த்த வருடங்களைத் துடைத்துப் போட்டுவிடுவார்கள்.

நம் ஊரில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரோபோக்களுக்கு வாழைக்கன்று கட்டினார்கள், மாலை போட்டார்கள். ஃபோர்க்லிஃப்ட் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைக்கிற பொறுப்பு முத்துமாரிக்கு. பத்து மணிக்குப் பூஜை. பிளாண்ட் ஹெட் பட்டுவேட்டியில் வந்தார். எல்லா மெஷினையும் நிறுத்துங்கள் என்றார். பிறகு என் அறைப் பக்கம் வந்து, வி.பி.என். ஓடுகிற அந்தப் பெட்டியைப் பார்த்தார்.

"இதுவும் உழைக்குதுல்ல? இதுக்கும் ஒரு பொட்டு வைங்க. ஆஃப் பண்ணிட்டு வைங்க, ஷாக் அடிக்கப் போகுது."

அது எப்போதும் அணையக் கூடாத பெட்டி. நான் அணைத்தேன். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பமும் சுற்றினேன். அந்த நேரம் பெட்டிக்குள் யாராவது இருக்கிறார்களா என்று பார்க்க எனக்கு அரை நிமிடம் ஆகியிருக்கும். பிளாண்ட் ஹெட் தட்டோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். பார்க்கவில்லை. அவசரம் என்பது மெஷின் எரியும்போது மட்டும் வருவதில்லை. பெரிய மனிதர் பக்கத்தில் நிற்கும்போதும் வரும்.

பெட்டிக்குள் ஒருவர் இருந்தார். கொரியாக்காரர். புது மாடல் சட்டத்துக்கான நிரலை ரோபோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிட்டது எங்கள் புரொடக்ஷன் மேனேஜர். மெஷின் சும்மா நிற்கிற நாள், வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். ஜன்னல் போனைப் பார்த்து, முத்துமாரியைப் போட்டு வழியைத் திறந்துவிட்டு, லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டுப் பூஜைக்கு வந்துவிட்டார். ஒருவருக்கும் சொல்லவில்லை. பொரி வாங்கிக்கொண்டு திரும்பிப் போனபோது இணைப்பு அறுந்திருந்தது. வேலை முடிந்து கொரியாக்காரரே போய்விட்டார் என்று நினைத்து லேப்டாப்பை மூடினார். வழி ஏன் அறுந்தது என்று அவர் கேட்டு எழுதிய மின்னஞ்சலைத் திறந்து பார்க்க அவருக்கு நேரமில்லை.

ரோபோவுக்குள் பாதி பழைய நிரல், பாதி புது நிரல். விடுமுறை முடிந்து வந்த காலை ஷிப்டில் மூன்றாம் ரோபோவை ஓட்டினார்கள். கை உயர்ந்தது, பழைய இடத்துக்குப் போவதற்குப் பதிலாக, இன்னும் பொருத்தவே படாத புது மாடலின் இடத்துக்குப் போயிற்று. வழியில் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் இரும்பு அமைப்பு இருந்தது. அந்தச் சத்தத்தை இப்போதும் சொல்ல முடியும்: டிப்பர் லாரி ஒன்று தகரக் கதவில் மோதின மாதிரி. வேலிக்கு வெளியே நின்ற ஆபரேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. வாழைக்கன்று இரண்டாகப் போயிற்று. லைன் நின்றது.

மேனேஜர் என் அறைக்கு வந்தார். வழக்கமாக என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்.

"இன்னாப்பா, அன்னிக்கி வி.பி.என். யாரு தொறந்தாங்கன்னு ஒரு பக்கம் எடுத்துக் குடு. பேரும் டைமும் கீது இல்ல, அது போதும்."

"எந்த லேப்டாப்புல இருந்துன்னும் வரும் சார்."

"அந்தக் கட்டம் இன்னாத்துக்கு? படிக்கிறவங்க கொழம்புவாங்க."

படிக்கிறவர்கள் குழம்பக் கூடாது என்ற அக்கறையில் நான் அந்தக் கட்டத்தை நீக்கினேன். ஒரு பக்கம். முத்துமாரி, பத்து மணிக்குச் சற்று முன்பு திறந்தது, பூஜை நேரத்தில் அறுந்தது. பொய் ஒரு எழுத்துகூட இல்லை. என் கான்டிராக்டை வருடா வருடம் புதுப்பிக்கக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்கள் வேறு காரணம் தேட வேண்டாம்.

அன்று சாயந்திரமே முத்துமாரிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார்கள். விசாரணை முடிகிற வரை உள்ளே வரக் கூடாது. கேட்டுக்கு எதிரே டீக்கடையில் என்னைப் பிடித்தாள்.

"அன்னைக்கு நான் எலுமிச்சம்பழம் வச்சுக்கிட்டு நின்னேன். போட்டோகூட இருக்கு. அதக் காட்டினா, 'ஐடி உன்னோடது, ஐடி உன் பொறுப்பு'ன்னு சொல்லுதாங்க. கையெழுத்துப் போட்டதக் காட்டுதாங்க."

"பாக்கலாம்மா."

"என்னத்தப் பாக்கப் போறிய? வெள்ளிக்கிழம விசாரண. ஒரு வருசத்துக்கும் பதிவு உங்ககிட்டதான இருக்கு. முழுசா எடுத்துட்டு வாங்க. போதும்."

"நான் கான்டிராக்ட் ஆளும்மா. என் வூட்டு நெலம உனக்குத் தெரியாது."

"நான் மட்டும் பெர்மனென்டா? திங்கக்கிழம வரைக்கும் நானும் ஒண்ணுமில்லாதவதான்." டீ கிளாஸைக் கீழே வைத்தாள். "ஃபார்மாலிட்டின்னு சொன்னது யாருண்ணே?"

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டாள். அவள் டீயைக் குடிக்கவே இல்லை.

நான் உடனே மனம் திருந்திவிட்டேன் என்று எழுத ஆசைதான். இரண்டு நாள் ஒன்றும் செய்யாமல் இருந்தேன். செங்கல் சூளையில் ஒரு பழக்கம் வரும், பக்கத்தில் நடக்கிறவன் சுமையோடு விழுந்தால் பார்க்காத மாதிரி நடப்பது. நின்றால் நம் தலையில் இருக்கும் கல்லும் சரியும். அந்தப் பழக்கம் எனக்கு நன்றாக வரும்.

வெள்ளிக்கிழமை காலை பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். குங்குமம் இன்னும் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். பூஜை அன்றைக்குப் பார்க்காமல் விட்ட அதே பட்டியல். முதல் வரியில் ஒரு பெயர். முத்துமாரி. இணைப்பில் இருக்கிறார்.

பராமரிப்பு அறைக்கு ஓடினேன். ஷிப்டு இன்ஜினியர் ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உடைந்த ரோபோவைச் சரிசெய்யக் கொரியாக்காரர் வர வேண்டும், வழி திறக்க வேண்டும், அதனால் போட்டிருக்கிறார்.

"யாரப் போட்டீங்க சார்?"

"வேற யாரு? முத்துமாரியத்தான்." அவர் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை.

ஆளைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவள் பெயரை உள்ளே வைத்து வேலை வாங்கிக்கொண்டிருந்தோம். அவள் உடைத்தாள் என்று சொன்ன ரோபோவை அவளைக்கொண்டே சரிசெய்துகொண்டிருந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. என் அறைக்குத் திரும்பி ஓடினேன். ஒரு வருடப் பதிவையும், எல்லாக் கட்டங்களோடும், அச்செடுத்தேன். பிரின்டரில் காகிதம் தீர்ந்து, மறுபடி போட்டு எடுத்தேன். லேப்டாப்பைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு விசாரணை அறைக்குப் போனேன்.

பிளாண்ட் ஹெட், எச்.ஆர். அம்மா, மேனேஜர். எதிரே முத்துமாரி. என்னை யாரும் கூப்பிடவில்லை. "நெட்வொர்க் சம்பந்தமா ஒண்ணு காட்டணும்" என்றேன். அச்செடுத்த காகிதக் கட்டை நான் முத்துமாரி கையிலேயே கொடுத்துவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். எனக்கு அதை எடுத்துப் பேச வாய் வரவில்லை.

அவள் நிதானமாகப் புரட்டினாள். அவசரமே இல்லை.

"மேடம், இதுல இருக்கிற முத்துமாரி நான்தானா?"

"ஐடி உங்களோடதும்மா. சிஸ்டம் பொய் சொல்லாது," என்றார் எச்.ஆர். அம்மா.

"சரி. பொங்கலுக்கு நான் லீவு. நீங்கதான் லீவு குடுத்திய. அந்த வாரம் நாலு வாட்டி தொறந்திருக்கேன். இந்தா, இந்த மாசம் பூராவும் மூணு ஷிப்டுலயும் இருக்கேன். காலையில தொறந்து, மத்தியானம் தொறந்து, ராத்திரியும் தொறந்திருக்கேன். தூங்கவே இல்ல." காகிதத்தை மேஜைமேல் வைத்தாள். "நாந்தான்னா ஓவர்டைம் போட்டுக் குடுங்க. நான் இல்லன்னா வேலையக் குடுங்க."

மேனேஜர், "பேச்சப் பாத்தீங்களா சார்," என்றார்.

நான் லேப்டாப்பைத் திறந்து பிளாண்ட் ஹெட் பக்கம் திருப்பினேன். முத்துமாரி, இணைப்பில் இருக்கிறார். அவர் திரையைப் பார்த்தார். எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். அவள் இரண்டு கைகளையும் மேஜைமேல் விரித்து வைத்தாள், காலியாக.

"இப்பகூட ரோபோ சரி பண்ணிக்கிட்டு இருக்கேன் சார்," என்றாள்.

பிளாண்ட் ஹெட் என்னிடம், "பாஸ்வேர்டை எல்லாருக்கும் கொடுத்தது யாருய்யா?" என்றார்.

"நான்தான் சார். ஜன்னல்ல போனக் கட்டுனதும் நான்தான். அன்னிக்கி பொட்டிய அணைச்சதும் நான்தான்."

"ஏன் அணைச்சே?"

"நீங்க பொட்டு வைக்கச் சொன்னீங்க சார்."

எச்.ஆர். அம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். அந்த வரியைக் குறிப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை. பிளாண்ட் ஹெட் காகிதக் கட்டிலிருந்து பூஜை நாள் பக்கத்தை எடுத்து, நான் முதலில் நீக்கியிருந்த கட்டத்தில் விரலை வைத்தார். எந்த லேப்டாப்பிலிருந்து. விரலை எடுக்காமல் மேனேஜரைப் பார்த்தார்.

நியாயம் நடந்ததா என்று கேட்பீர்கள். கம்பெனியில் நடக்கிற அளவுக்கு நடந்தது. முத்துமாரிக்கு நிரந்தர ஆணை கிடைத்தது, ஒரு மாதம் தள்ளி, இனிமேல் பாஸ்வேர்டைப் பாதுகாக்க வேண்டும் என்ற அறிவுரைக் கடிதத்தோடு. மேனேஜரைத் தகவல் பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் அந்த வகுப்பை அவரே மற்றவர்களுக்கு எடுத்தார், மேகமும் குழாயும் பூட்டுமாக. டிரேயில் கிடந்த நான்கு விண்ணப்பங்களும் ஒரே மதியத்தில் கையெழுத்தாயின. என் கான்டிராக்டைப் புதுப்பிக்கவில்லை. எனக்கு அது புதிதல்ல. இதைவிடக் குறைந்த காரணத்துக்கெல்லாம் துரத்தப்பட்டிருக்கிறேன்.

கேட்டில் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள், பையைச் சோதித்தார்கள், டிபன் பாக்ஸைக்கூடத் திறந்து பார்த்தார்கள். வீட்டுக்குப் போய் ஒரு சந்தேகத்தில் லேப்டாப்பைத் திறந்தேன். என் வி.பி.என். ஐடி வேலை செய்தது. கம்பெனியை விட்டுப் போகிறவர்களின் ஐடியை மூடுகிற ஆள் நான்தானே. என்னுடையதை யார் மூடுவது? வாலாஜாபாத்தில் கட்டிலில் உட்கார்ந்தபடி ஆறு ரோபோக்களுக்கும் எஜமானாக இருந்தேன். முத்துமாரியின் போன் எண்ணைத் தேடி எடுத்து, என் ஐடியை மூடும்மா என்றேன்.

"மூடியாச்சுண்ணே," என்றாள் இரண்டு நிமிடம் கழித்து. போனை வைத்துவிட்டாள். அந்தப் பெட்டி இப்போது அவள் பொறுப்பு என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கம்பெனிக்குள் மறுபடி போனேன். வேறொரு கான்டிராக்டருக்காக, ஒரு நாள் வேலை. பழைய பெட்டிக்குப் பதில் புதுப் பெட்டி வைக்க வேண்டும், அதற்கு வி.பி.என். வழியாகப் பத்து நிமிடம் உள்ளே போக வேண்டும். பராமரிப்பு அறை ஜன்னலைப் பார்த்தேன். போன் இல்லை. கம்பியில் கேபிள் டையின் வால் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னம்மா, நல்லாருக்கியா? பத்து நிமிஷ வேலதான், உன் ஐடிலயே தொறந்து விட்டுடேன்," என்றேன்.

முத்துமாரி மேஜை இழுப்பறையைத் திறந்து ஐடி விண்ணப்பம் ஒன்றை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். பேனாவையும் அதன்மேல் வைத்தாள்.

"சும்மா ஃபார்மாலிட்டிதாண்ணே. எழுதிக் குடுங்க."

என் கையெழுத்து ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்து. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதி முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று. முதல் இரண்டு கையெழுத்தும் மதியத்துக்குள் கிடைத்தன. மூன்றாவது அவளுடையது. அதற்குத்தான் நேரமாயிற்று. நான் எதிரே நிற்க, ஒரு வரி விடாமல் படித்த பிறகுதான் போட்டாள்.